பதினெட்டு தொண்ணூற்றொன்பது

திங்கட்கிழமை கடை பூட்டு.
பூட்டிய கடைக்குள் நான்,
ஒரு பட்டர்க்கத்தி, ஒரு கோப்பை சுடுதண்ணி.
விலைப்பலகையில் பழைய ஸ்டிக்கரைச் சுரண்டச் சொல்லி
வில்வராசா அண்ணை செய்தி போட்டிருக்கிறார்:
"மேலால ஒட்டாதை, தடிப்பாத் தெரியுது.
சனம் விரலால தடவிப் பாக்குது."

மெய்தான்.
பதினாறு தொண்ணூற்றொன்பதின் கீழே
பதினாலு ஐம்பது கிடந்தது.
அதற்கும் கீழே, பசை மஞ்சளித்து,
பதினொன்று தொண்ணூற்றொன்பது.

அந்த விலையில்தான் நான் இந்தக் கடைக்கு வந்தேன்.
ஸ்காபரோவில் எனது முதல் பெப்ரவரி,
பூட்ஸுக்குள் பிளாஸ்டிக் பை சுற்றிய கால்கள்.
அப்போது இறால் தினமும் இருந்தது,
தட்டம் முடியுமுன் அடுத்தது வரும்.
பதினாலு ஐம்பதில் இறால் சனி ஞாயிறு ஆயிற்று.
பதினாறில்
ஃபிரைட் ரைஸுக்குள் எப்போதாவது ஒரு வால்
தலைகாட்டும்.

விரும்பியவரை சாப்பிடலாம் என்று வாசலில் எழுதியிருக்கிறது.
அளக்கிற வேலை முழுக்க எனக்கு.
ஆட்டிறைச்சிக்குச் சின்னக் கரண்டி மாற்றியதும் நான்தான்.
தட்டுகள் ஒரு விரற்கடை சுருங்கி வந்த மாதம்
ஒருவரும் கவனிக்கவில்லை,
அற்புதநாதன் மாஸ்டரைத் தவிர.
வெறுந்தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
"பிள்ளை, இது வளர்பிறையோ, தேய்பிறையோ?" என்றார்.
நான் கரட் சம்பலைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய் முதல் புதுவிலை.
பெரியவர் பதினெட்டு தொண்ணூற்றொன்பது, வரி வேறு.
அறுபத்தைந்து தாண்டியோருக்குப் பத்து வீதக் கழிவு,
கிழமை நாளில், அதுவும் மூன்று மணிக்கு முன்.
தட்டில் மிச்சம் விட்டால் நூறு கிராமுக்கு இரண்டு டொலர்.
(மீன்குழம்பு விற்கிற கடைக்குத் தராசு வந்திருக்கிறது,
எச்சிலை நிறுக்க.)
பிள்ளைகளுக்கு இனி வயதில்லை,
உயரம்.
கதவுநிலையில் சிவப்பு டேப்: நாலடி.

வயது ஏன் போயிற்று என்று எனக்குத் தெரியும்.
சுகிர்தா அக்காவின் மகன் அக்சரன்
மூன்று வருசமாக ஒன்பது வயது.
மீசை அரும்பும்வரைக்கும்
ஒன்பதிலேயே இருந்திருப்பான்.
நானும் ஒன்பது என்றே அடிப்பேன் மெஷினில்.
பேகல் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து
இமையில் மாவோடு அவள் வருவாள்.
பில்லைப் பார்ப்பதில்லை,
என் விரல்களைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

செவ்வாய், பன்னிரண்டரை.
அவள் டேப்பை வாசித்தாள்.
வாசித்தபடியே அவன் தோளில் கைவைத்து
மெல்ல அழுத்தினாள்,
கொஞ்சம் முழங்காலை மடியடா என்கிற அழுத்தம்.

அவனோ சப்பாத்தைக் கழற்றினான்.
குதியை நிலையோடு ஒட்டி
மூச்சை இழுத்துப் பிடித்து நிமிர்ந்தான்.
டேப் அவன் நாடியில் நின்றது.
"அம்மா,
இனி நான் பன்னிரண்டு எண்டு சொல்லலாமா?"

சமோசாத் தட்டம்வரை கேட்டது அது.
வரிசையில் நின்ற ஒரு ஆள் இருமினார்.
சுகிர்தா அக்கா பேர்ஸைத் திறந்தாள், மூடினாள்,
பிறகு திறந்தாள்.
"ரெண்டு பெரியாக்கள்" என்றாள்,
குரலை உயர்த்தி.

ஐந்து தட்டு எடுத்தான்.
எலும்பைத் தராசில் வைத்திருந்தால்
முள் அசைந்திருக்காது.
குசினி ஜன்னலால் எட்டிப் பார்த்த வில்வராசா அண்ணை
ஏதோ கணக்கை வாய்க்குள் கூட்டிக் கழித்து
"இவனுக்குப் பதினெட்டுக் காணாது" என்றுவிட்டு
இன்னும் ஒரு தட்டம் சோறு அனுப்பினார்.

இரவு வீட்டில் கோட்டைக் கழற்றினால்
உள்சட்டையின் முழங்கையில்
எந்த வருசத்து விலையிலிருந்தோ பிய்ந்து வந்த
ஒரு ஒன்பது.
நகத்தால் எடுத்தேன்.
விரலில் ஒட்டிக்கொண்டது.